கைகாட்டி காலமான விதம்

கௌதள்ளி மல்லப்பன் மைசூருக்கு பி.ஏ. படிக்க வந்ததில் யார் பேரிலும் தப்பில்லை. அவன் அப்பா கரியப்பன் ராகியும் நிலக்கடலையும் பயிரிடுகிறவர். மகன் கொள்ளேகாலத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நினைத்தார். வாத்தியார் வேலைக்கு பி.ஏ. வேண்டும். கோயமுத்தூர் தூரம், மைசூர் பக்கம். கௌதள்ளி அப்போது வெள்ளைக்காரன் ஜில்லாவில் இருந்தது, மைசூரோ மகாராஜாவின் சமஸ்தானம். எல்லை தாண்டி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது மல்லப்பனிடம் ஒரு தகரப் பெட்டியும், தமிழ் தனக்குத் தெரியும் என்ற எண்ணமும் இருந்தன. பெட்டி கடைசி வரை இருந்தது.

கல்லூரியின் பெயரைச் சொல்வதற்கில்லை. மகாராஜாவின் ஊரில் தூண்கள் இல்லாத கல்லூரி கிடையாது. இதற்கும் தூண்கள் இருந்தன. தமிழ்ப் பிரிவுக்கு ஒரு அறை, ஒரு பேராசிரியர், ஏழு மாணவர்கள். பேராசிரியர் அளசிங்காசார் மேல்கோட்டை ஐயங்கார் வம்சம். வீட்டில் ஒரு தமிழும் வகுப்பில் ஒரு தமிழும் பேசுவார். இரண்டும் மல்லப்பனுக்குப் புரியவில்லை.

முதல் வருஷம் கவிதை. மழைக்காக வானம் பார்த்து நிற்கும் ஒரு உழவனைப் பற்றிய நாலு வரிப் பாட்டைப் பாடமாக வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் பேராசிரியர் முன்னுரையைத் தொடங்கினார். ஜூலையில் பாட்டு எழுதப்பட்ட காலத்தைச் சொன்னார். ஆகஸ்டில் அந்தக் காலம் தவறு என்பதற்கு ஆதாரம் காட்டினார். செப்டம்பரில் அந்த ஆதாரத்தை மறுத்தவரின் கல்வித் தகுதியை விசாரித்தார். தசராவுக்குக் கல்லூரியை மூடினார்கள். திறந்ததும் யாப்பு. பிப்ரவரி பிறந்தபோது மல்லப்பன் எழுந்து நின்றான்.

"ஐயா, அந்தப் பாட்டை ஒருக்கா படிச்சுக் காட்டுறீங்களா?"

மற்ற ஆறு பேரும் அவனைப் பார்த்தார்கள். பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. இரக்கம்தான் வந்தது.

"பாட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது, மல்லப்பா. அது ஆயிரம் வருஷமா இருக்கு. என் நோட்ஸ் நான் இருக்கிற வரைக்கும்தான். மொதல்ல அபிப்பிராயம் உண்டாகணும். அபிப்பிராயம் இல்லாம பாட்டைப் படிச்சா, பாட்டு தானாவே ஒரு அபிப்பிராயத்தை உண்டாக்கிடும். அது பரீட்சைக்கு ஆகாது. நான் இருபத்திரண்டு வருஷமா இந்தப் பாட்டை நடத்தறேன். ஒரு தடவைகூட அது என்னைப் பாதிச்சதில்லை."

மல்லப்பன் பாட்டை விடுதியில் தானே படித்தான். நாலு வரிதானே, உடனே முடிந்துவிட்டது. படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. பரீட்சையில், 'போன பஞ்சத்தில் எங்கள் அப்பா மூன்று நாள் காட்டிலேயே நின்றார், சாப்பிடக் கூப்பிட்டால் மேகம் கலைந்துவிடும் என்பதுபோல் திரும்பாமல் நின்றார்' என்று எழுதினான். விடைத்தாள் ஓரத்தில் சிவப்பு மையில், 'இது பரீட்சை, வீட்டுக்குப் போடும் கடிதம் அல்ல' என்று இருந்தது. மார்க் பதினொன்று. செப்டம்பரில் மறுபடி எழுதினான். அப்பாவை விட்டுவிட்டுப் பாட்டின் காலத்தைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதி நாற்பத்தாறு வாங்கினான்.

இரண்டாம் வருஷம் சிறுகதை. சிறுகதை என்பது புதிதாக வந்த வியாதி என்று பேராசிரியர் கருதினார். இருந்தாலும் சீமையிலிருந்து அதற்கு ஒரு வரைபடம் வந்திருந்தது. எந்தக் கதையாக இருந்தாலும் முக்கால் பாகத்தில் உச்சகட்டம் வர வேண்டும். மாணவர்கள் வரிகளை எண்ணி, நாலால் வகுத்து, மூன்றால் பெருக்கி, அந்த வரியின் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும். கணக்கில் கெட்டிக்காரர்கள் சிறுகதையிலும் முதல் வகுப்பில் தேறினார்கள்.

மூன்றாம் வருஷம் கட்டுரை. ஒரு கவிஞரையோ கதாசிரியரையோ எடுத்துக்கொண்டு நூறு பக்கத்துக்கு ஆராய்ந்து எழுத வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மல்லப்பன் 'எண்ணெய்' படித்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் தமிழர் ஒருவரின் முடிதிருத்தும் கடை இருந்தது. அங்கே அட்டை கிழிந்த ஒரு மாதப் பத்திரிகையில் அந்தக் கதை வந்திருந்தது. எழுதியவர் பெயர் 'கைகாட்டி'. ஒரு ரயில்வே சரக்குக் கொட்டகைக்கு ஒரு கிழவர் தினமும் வருகிறார். மகளுக்காகச் சொல்லி வைத்த தையல் மிஷின் வந்துவிட்டதா என்று கேட்கிறார். நாளைக்கு வரும் என்கிறார் குமாஸ்தா. ஒருநாள் மிஷின் வருகிறது. அன்றிலிருந்து கிழவர் வரவில்லை. குமாஸ்தா மாதம் ஒருமுறை அந்த மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறார். மூன்று வருஷம் போடுகிறார். அவ்வளவுதான் கதை. மல்லப்பன் தன் முறை வந்தது தெரியாமல் இரண்டு பேரைத் தனக்கு முன்னால் விட்டுவிட்டான். முடி வெட்டிக்கொள்ளாமலேயே விடுதிக்குத் திரும்பினான்.

மறுநாள் கட்டுரைக்கு விண்ணப்பம் கொடுத்தான். தலைமை குமாஸ்தா எலியேசர் நல்ல மனிதர். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"கைகாட்டி. சரி. எப்ப செத்தார்?"

"தெரியாதுங்களே."

"விதி பதினாலு படிக்கலையா, தம்பி? ஆராய்ச்சிக்கு எடுக்கிற ஆசிரியர் காலமாகியிருக்கணும். சாவுச் சான்றிதழ் நகல் ரெண்டு, கூட வைக்கணும். உசுரோட இருந்தா மனு செல்லாது."

மல்லப்பன் பேராசிரியரிடம் ஓடினான். அவர் விதியை விளக்கினார்.

"உயிரோட இருக்கிற ஆசிரியன் ஸ்திரமில்லாத வஸ்து. நீ அவனுக்கு சோகம்தான் பிரதானம்னு நூறு பக்கம் எழுதுவே, அவன் அடுத்த மாசம் ஹாஸ்யக் கதை எழுதிடுவான். நம்ம ஆராய்ச்சி என்ன ஆறது? அதைவிட ஆபத்து, அவனே கட்டுரையைப் படிச்சுட்டு, 'நான் அப்படி நினைக்கவே இல்லை'ம்பான். செத்தவா யாரும் இதுவரைக்கும் என்னை மறுத்துப் பேசினதில்லை. அந்த மரியாதை அவாகிட்ட இருக்கு."

கைகாட்டி யார் என்று பத்திரிகைக்கு எழுதிக் கேட்டதில், நஞ்சன்கூடு ரயில்வே ஸ்டேஷன் என்று மட்டும் பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லப்பன் ரயிலேறினான். நஞ்சன்கூட்டில் இறங்கி, "இங்கே கைகாட்டி எங்கீங்க?" என்று போர்ட்டரைக் கேட்டான். போர்ட்டர் தண்டவாளத்தின் ஓரமாக விரலை நீட்டி, உயரத்தில் சாய்ந்திருந்த சிக்னலைக் காட்டினார். கதை எழுதுகிறவர் என்று விளக்கிச் சொன்ன பிறகு, "ஓ, ஸ்டானிஸ்லாஸ் சாரா!" என்று சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸைக் காட்டினார்.

கதவைத் திறந்த அம்மாளின் பெயர் சகாயமேரி என்று பிறகு தெரிந்தது.

"அம்மா, கைகாட்டி ஐயா... இருக்காருங்களா?"

"இருக்காரே. பின்னால எருமைக்குத் தண்ணி காட்டறார்."

மல்லப்பனின் நெஞ்சில் ஏதோ சரிந்தது. அது ஏமாற்றம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தலை குனிந்துகொண்டான்.

சரக்குக் கொட்டகை குமாஸ்தா ஸ்டானிஸ்லாஸுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. வந்தவன் எதற்கு வந்தான் என்று தெரிந்ததும் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"மேரி! காலேஜிலேர்ந்து வந்திருக்கார். 'எண்ணெய்' படிச்சிருக்காராம்!"

"எந்த எண்ணெய்?" என்றாள் சகாயமேரி.

"கதை, மேரி. என் கதை." பிறகு மல்லப்பனிடம், "எட்டு வருஷத்துல பதினொரு கதை எழுதியிருக்கேன். இதுவரைக்கும் ஒரே ஒரு லெட்டர் வந்துது. அதுவும் வேற யாருக்கோ போக வேண்டியது. ஸ்வல்ப நேரம் உக்காருங்க. காபி குடிக்கலாம்" என்றார்.

மல்லப்பன் கேட்க நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, "அந்த மிஷின் நெசமாவே இருந்துதுங்களா?" என்று கேட்டான்.

"இருந்துது. பெரியவர் குண்டலுபேட்டைப் பக்கத்துக்காரர். அவர் வரவே இல்லை. எண்ணெய் போட்டது நிஜம். அப்புறம் மேலேர்ந்து உத்தரவு வந்து ஏலத்துல போயிட்டுது. அதை எழுதலை. எழுத மனசு வரலை." பிறகு காபியை அவன் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு ஏன் புடிச்சுது?"

"தெரியலீங்க. படிச்சதும் ஊருக்குப் போகோணும் போல இருந்துதுங்க."

ஸ்டானிஸ்லாஸ் அந்தப் பதிலை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு மல்லப்பன் விதி பதினாலைச் சொன்னான். அவர் கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தார். தாம் நேரில் வந்து பேசினால் காலேஜுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்றார். படித்தவர்கள்தானே என்றார்.

அடுத்து வந்த பதிமூன்றாம் தேதி பகலில், மனுவை விசாரிக்கத் தமிழ்க் கமிட்டி கூடியது. அதன் தலைவர் பசவராஜ், ரசாயனப் பேராசிரியர். அவருக்குக் கடைத்தெருவில் பேசுகிற அளவுக்கு மேல் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவரைத் தமிழ்க் கமிட்டிக்குத் தலைவராக்கினால் பாரபட்சம் வந்துவிடும் என்று நிர்வாகம் அவரைப் போட்டிருந்தது. உறுப்பினர் அளசிங்காசார். காரியதரிசி எலியேசர். மேசைக்கு எதிரே ஸ்டானிஸ்லாஸ் துவைத்த வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். மல்லப்பன் சுவரோரம் நின்றான்.

"நனகெ தமிழ் கொத்தில்லா" என்று தலைவர், தமக்குத் தமிழ் தெரியாது என்பதை, கன்னடத்தில் நாலு பக்கமும் பெருமையுடன் அறிவித்தார். "அதனால நான் நியாயமா இருப்பேன். ப்ரொபசர், நீங்க கேளுங்க."

அளசிங்காசார் கேட்டார்: "இந்தக் கதையில வர தையல் மிஷின் யார்?"

"யாருன்னா... மிஷின்தான், ஸார்."

"தையல்னா தமிழ்ல மங்கைன்னு அர்த்தம். ஒரு வயசான ஜீவன் தினம் தினம் தையலைத் தேடி வரது. தையல் வந்து சேரும்போது ஜீவன் இல்லை. இதுல சிருங்காரம் இருக்கு, வைராக்கியம் இருக்கு. குமாஸ்தா எண்ணெய் போடறான். அது சினேகம். வடமொழியில சினேகம்னா எண்ணெய்னும் அர்த்தம், அன்புன்னும் அர்த்தம். இதெல்லாம் நீர் நினைச்சு எழுதினேரா?"

"இல்லை, ஸார். எண்ணெய் போடலைன்னா துருப்பிடிக்கும். அதான்."

"துருப்பிடிக்கும்னு எழுதிக்கோங்கோ" என்றார் பேராசிரியர் எலியேசரிடம், ஒரு நோயாளியின் உளறலைக் குறித்துக்கொள்ளச் சொல்வதுபோல. "போகட்டும். கதை நூத்திப் பன்னிரண்டு வரி. உச்சகட்டம் எண்பத்து நாலாவது வரியில வரணும். அந்த வரியில குமாஸ்தா தண்ணி குடிக்கிறான். இந்தத் தண்ணி என்ன தண்ணி?"

"அன்னிக்கு வெயில், ஸார்."

தலைவர் ஆச்சரியத்தோடு முன்னால் சாய்ந்தார். "இவருக்கே கொத்தில்லையா? அப்போ யாரு எழுதினது?"

"அதுதான் சார் ஆராய்ச்சி" என்றார் அளசிங்காசார். "எழுதினவனுக்குத் தெரியாததை நாம கண்டுபிடிக்கறோம். எழுதினவன் பக்கத்துல உக்காந்துண்டு 'வெயில், வெயில்'னு சொல்லிண்டிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது? இப்பத் தெரியறதா, நம்ம முன்னோர் ஏன் விதி பதினாலைப் போட்டான்னு?"

முன்னோர் என்று அவர் சொன்னது தம்மைத்தான். விதியை ஆறு வருஷத்துக்கு முன் எழுதியவர் அவரே. எலியேசர் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியதை உரக்கப் படித்தார்: "ஆசிரியருக்குத் தம் கதையின் உட்பொருள் தெரியவில்லை. ஆகவே அவர் உயிரோடிருப்பது கதைக்கு அவசியமானதல்ல என்று கமிட்டி காண்கிறது."

"அப்படின்னா என் மனு..." என்றான் மல்லப்பன் சுவரோரத்திலிருந்து.

"மனுவுக்கு இன்னிக்கு நாலு மணி கடைசி, தம்பி" என்றார் எலியேசர் வருத்தத்தோடு. "விட்டா அடுத்த ஜூன்."

அடுத்த ஜூன் என்பது மல்லப்பனுக்கு இல்லை. கொள்ளேகாலத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த வேலையை வரும் ஜூன் வரைதான் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் படலம் விழுந்து, ஏர் பிடிக்க ஆள் வைத்திருந்தார். இதை அவன் கமிட்டியிடம் சொன்னான். தலைவர் நல்ல மனிதர்தான். கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். ரசாயனத்தில் கரையாத பொருளுக்கு வேறு திராவகம் தேடுவதுபோல் யோசித்திருக்க வேண்டும்.

"ஒரு உபாயம் இருக்கு. சன்னியாசி ஆகறவன் கோர்ட்டுக்கு முன்னால செத்தவன். ஆஸ்தி பிள்ளைகளுக்குப் போயிடுது. ஆனா அவன் மூணு வேளையும் ஊட்ட பண்ணறான், ஓடியாடறான், ஆரோக்யமா இருக்கான். சட்டம் அதை ஒத்துக்கொள்ளுது. அதே மாதிரி இவரும் 'இனிமே நான் எழுத மாட்டேன்'னு பத்திரத்துல கையெழுத்துப் போட்டா, மனுஷன் இருப்பார், ஆசிரியர் காலமாயிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. நம்ம கமிட்டி மனிதாபிமானமுள்ள கமிட்டி."

அளசிங்காசார் இந்த யோசனையின் ஆழத்தில் சில நிமிஷம் ஆழ்ந்துபோனார். பிறகு, "இலக்கிய மரணம்" என்று அதற்குப் பெயர் வைத்தார். பத்திரம் எழுத அரைமணி நேரம் இடைவேளை விட்டார்கள்.

தாழ்வாரத்தில் மல்லப்பன் ஸ்டானிஸ்லாஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாமுங்க. நான் செத்துப்போன யாரையாச்சும் பாத்து எழுதிக்கிறேனுங்க."

"நாலு மணிக்குள்ள யாரைத் தேடுவே? அவருக்குச் சான்றிதழ் எங்கே வாங்குவே?" ஸ்டானிஸ்லாஸ் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "பேப்பர்ல ஒரு கையெழுத்து. அதை யார் வந்து பாக்கப் போறாங்க? நான் தினம் முப்பது பேப்பர்ல கையெழுத்துப் போடறேன். அதுல பாதி பொய். உனக்கு வேலை கிடைச்சா உங்கப்பாவுக்கு ஆசுபத்திரி பாக்கலாம். போ, பேனா வாங்கிட்டு வா."

மூன்று மணிக்குப் பத்திரத்தில் கையெழுத்து ஆயிற்று. 'கைகாட்டி என்னும் புனைபெயர் கொண்ட ஆசிரியர் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, பூரண சுயநினைவுடன், காலமானார்' என்று எலியேசர் பதிந்துகொண்டார். சாட்சிகளாகப் பேராசிரியரும் தலைவரும் ஒப்பமிட்டார்கள். மல்லப்பன் பெருமூச்சு விட்டுக் கிளம்பப் பார்த்தபோது அளசிங்காசார் எழுந்து தொண்டையைச் செருமினார். ஒரு ஆசிரியர் காலமானால் கல்லூரி அனுதாபத் தீர்மானம் போடுவது வழக்கம், வழக்கத்தை மீறக் கூடாது என்றார்.

"கைகாட்டியின் மறைவு தமிழுக்கு ஈடு செய்ய முடியாத நஷ்டம். உயிரோடு இருந்தவரை அவருக்குத் தம் எழுத்தின் அருமை தெரியவில்லை என்பதை நான் நேரில் அறிவேன். அவர் இன்னும் சில காலம் இருந்திருந்தால் இன்னும் என்னென்ன எழுதிக் கெடுத்திருப்பாரோ. காலன் அவரைத் தக்க தருணத்தில் அழைத்துக்கொண்டான். இரண்டு நிமிஷம் எல்லோரும் மௌனமாக நிற்போம்."

எல்லோரும் நின்றார்கள். ஸ்டானிஸ்லாஸ் உட்கார்ந்தே இருந்தார். தமக்கு இதில் என்ன வேலை என்று அவர் நினைத்திருக்கலாம். எலியேசர் குனிந்து, "நீங்களும் எழுந்திருக்கணும், ஸார். மரியாதை" என்று கிசுகிசுத்தார். ஸ்டானிஸ்லாஸ் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலை குனிந்து நின்றார். இரண்டு நிமிஷம் ஆனதும் ஐந்து மணி வண்டியைப் பிடிக்கக் கிளம்பினார்.

அதன் பிறகு மல்லப்பன் ஆறு மாதம் கட்டுரை எழுதினான். முதல் பிரதி திரும்பி வந்தது. 'ஊருக்குப் போக வேண்டும் போல் இருந்தது' என்ற வாக்கியத்தைப் பேராசிரியர் அடித்திருந்தார். இரண்டாம் பிரதியில், கிழவர் ஏன் வரவில்லை என்று அவன் யோசித்திருந்த பக்கங்கள் போயின. கதையில் இல்லாத ஒன்றைப் பற்றிக் கவலைப்படுவது ஆராய்ச்சி ஆகாது என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அதற்குப் பதிலாகத் தையல் என்ற சொல்லின் வரலாறு முப்பது பக்கம் சேர்ந்தது. மூன்றாம் பிரதியில், 'தண்ணீர் குடித்தலின் உச்சகட்டத் தன்மை' ஒரு தனி அத்தியாயம் ஆயிற்று. நாலாம் பிரதியில் மல்லப்பனுடையது என்று சொல்ல, அட்டையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அதற்கு முதல் வகுப்பு கொடுத்தார்கள்.

இலக்கிய மரணத்தின் புகழ் பரவியது. உயிரோடிருக்கும் மற்ற ஆசிரியர்களும் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கமிட்டி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு மாதத்துக்குள் இரண்டு கவிஞர்கள் தாங்களாகவே வந்து, தங்களை எப்படியாவது பாடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு காலமானார்கள். மூன்றாவதாக வந்த ஒருவரை, அவர் இன்னும் ஒரு வரியும் எழுதியதில்லை என்பதால், முதலில் பிறந்துவிட்டு வரும்படி எலியேசர் திருப்பி அனுப்பினார்.

கொள்ளேகாலத்து வேலையில் சேருவதற்கு முன் மல்லப்பன் நஞ்சன்கூட்டுக்குப் போனான். கட்டுரையின் பைண்டு செய்த பிரதி ஒன்றைக் கல்லூரியே ஆசிரியரின் வாரிசுக்கு என்று எழுதித் தபாலில் அனுப்பியிருந்தது. இவன் கையில் சகாயமேரிக்கு ஒரு சேலை.

சகாயமேரி சேலையை வாங்கிக்கொள்ளவில்லை.

"உன் காலேஜுக்காரங்க இவர் காலமாயிட்டார்னு பத்திரிகைக்கு எழுதிப் போட்டுட்டாங்க, தெரியுமா? அவன் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டுட்டான். மைசூர்லேர்ந்து எங்க அண்ணன் மாலையோட வந்து நிக்கறான். நாலு நாளா துக்கம் கேக்க ஜனம். அவங்களுக்கு இவரே காபி ஆத்திக் கொடுக்கறார்."

ஸ்டானிஸ்லாஸ் கொட்டகையில், அடுக்கி வைத்த வாழைத்தார்களின் நடுவே உட்கார்ந்திருந்தார். மல்லப்பனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்பாவின் கண்ணைப் பற்றி விசாரித்தார். வேலையைப் பற்றி விசாரித்தார். மல்லப்பனால் அதிக நேரம் சும்மா இருக்க முடியவில்லை.

"நீங்க எழுதுங்க, ஐயா. அந்தப் பத்திரம் பீரோவுல கெடக்குது. ஒருத்தரும் எடுத்துப் பாக்கப் போறதில்லீங்க. பேரை மாத்தி எழுதுங்க. நான் படிக்கிறேனுங்க."

"பத்திரமா? அதை நான் அன்னிக்கே மறந்துட்டேன், மல்லப்பா. கையெழுத்துப் போட்ட மறுநாளே ஒரு கதை ஆரம்பிச்சேன். ஒரு பொம்பளை கூடையோட ரயிலுக்கு நிக்கறா. நல்லா வந்துட்டிருந்துது. பாதி வந்தாச்சு."

"அப்புறமுங்க?"

"அப்புறம் உன் கட்டுரை தபால்ல வந்துது." அவர் பக்கத்தில் இருந்த தாரிலிருந்து காய்ந்த பூவை ஒவ்வொன்றாகக் கிள்ளினார். "ரெண்டு தடவை படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கே. நான் அவ்வளவு யோசிச்சதே இல்லை. படிச்சப்புறம் என் கதையை எடுத்தா, இந்தக் கூடை என்ன கூடைன்னு கேள்வி வருது. அவ ஒரு வாய் தண்ணி குடிச்சா, இது எத்தனையாவது வரின்னு விரல் தானா எண்ணுது. தப்பான இடத்துல தண்ணி குடிக்க வச்சுட்டேனோன்னு பயமா இருக்கு. அவளை அப்படியே பிளாட்பாரத்துல நிக்க வச்சுட்டு வந்துட்டேன்."

மல்லப்பன் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அது எல்லாம் பொய்யுங்க. ஒரு வரிகூட நான் நெனச்சது இல்லீங்க. அவுங்க சொன்னதை அப்படியே எழுதினேனுங்க."

ஸ்டானிஸ்லாஸ் கிள்ளுவதை நிறுத்தினார்.

"எல்லாமேவா? அந்தச் சினேகம், ஜீவன், அதெல்லாம்?"

"எல்லாமேங்க. கமிட்டி சொன்னதுங்க."

ஸ்டானிஸ்லாஸ் கிள்ளிப் போட்ட பூக்களைக் கூட்டிச் சேர்த்து ஓரமாகத் தள்ளினார். மல்லப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சிரித்துவிடுவார், காகிதத்தை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தான்.

"படிச்சவங்க மூணு பேர் உக்காந்து சொல்லியிருக்காங்க" என்றார் ஸ்டானிஸ்லாஸ் கடைசியில். "அப்படின்னா இருக்கும், மல்லப்பா. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

மணி அடித்தது. அவர் எழுந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, வாழைத்தார்களின் எடையை எழுதத் தராசுப் பக்கம் போனார்.